வார்னிஷுக்கு மேலே ஒரு கையெழுத்து

அத்தியாயம் ஒன்பது

டாக்டரம்மா என்று அவளைக் கூப்பிடுகிறவர்கள் யாரும் அவளிடம் காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டதில்லை. அவள் வைத்தியம் பார்ப்பது படங்களுக்கு. கிழிந்த கேன்வாஸ், பொருக்குவிட்ட வண்ணம், புகையேறி மங்கிய வார்னிஷ், எதுவாக இருந்தாலும் ஒரு மாதம் மேஜையில் படுக்கப்போட்டுத் தேற்றி அனுப்பிவிடுவாள். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. அவள் அறிக்கையோடு ஒரு படம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று வாங்குகிறவர்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு.

அந்தப் பேச்சை நம்பித்தான் அவள் கணவர் ஓவியக்கூடம் நடத்துகிறார். தெருவைப் பார்த்த முன்பக்கம் கூடம். பின்பக்கம் அவளுடைய பட்டறை. மாடியில் வீடு. அங்கே மாமியாரும், டி.வி.யும், மாமியாரின் முழங்கால் வலியும்.

எட்டாவது படம் போன வாரம் வந்து இறங்கியதையும், அன்றிலிருந்து அவள் கணவருக்குத் தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போனதையும் பார்த்தோம். ஆற்றங்கரைப் படம். வாழ்நாள் முழுக்க ஒரே ஆற்றை வரைந்துவிட்டு, செத்து நாற்பது வருடம் கழித்து விலை ஏறிய அந்த ஓவியரை எல்லாரும் ஆற்றுக்காரர் என்றுதான் சொல்வார்கள். மூன்று வருடத்தில் அவருடைய ஏழு படங்களைத் தேடிப் பிடித்து விற்றிருந்தார் கணவர். இந்த எட்டாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. இன்று மூன்று மணிக்கு பிஸ்கட் தொழிற்சாலை முதலாளி வந்து எடுத்துப் போகிறார். அதற்குள் அறிக்கை கையில் இருக்க வேண்டும்.

அறிக்கையில் கடைசி வரி மட்டும்தான் பாக்கி. ‘கையெழுத்து, படம் வரையப்பட்ட காலத்தையே சேர்ந்தது.’

அந்த வரிக்கான சோதனை எப்போதும் அவள் தம்பியுடையது. கேன்வாஸின் நெசவு, சட்டத்தின் ஆணி, வண்ணத்தின் வயது, விரிசலின் ஓட்டம் எல்லாம் அவள் பார்ப்பாள். கையெழுத்தைச் சோதிக்கும் புற ஊதா விளக்கின் முன்னால் ஐந்து நிமிடம் நின்றால் அவளுக்கு மண்டையைப் பிளக்கும். அதனால் விளக்கும், துடைத்துப் பார்க்கும் பஞ்சும் அவன் பொறுப்பு. அவன் சரி என்றால் அவள் கடைசி வரியை எழுதிக் கையெழுத்துப் போடுவாள். ஏழு தடவை அப்படித்தான் போட்டாள்.

இன்று காலை தம்பி வரவில்லை. அவன் மனைவிக்கு ஏழாம் மாதம். ஸ்கேனுக்குக் கூட்டிப் போயிருந்தான். பதினோரு மணிக்குள் வந்துவிடுவதாகவும், கையெழுத்தை மட்டும் தனக்கு விட்டு வைக்கும்படியும் போனில் சொன்னான். கால் மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டு அதையே சொன்னான். ஆஸ்பத்திரிப் பதற்றம் என்று நினைத்துக்கொண்டாள்.

சும்மா உட்கார்ந்திருக்க அவளுக்குத் தெரியாது. பத்து மணிக்குத் திரைகளை இழுத்து மூடி, தலைவலித் தைலத்தை நெற்றியில் தடவிக்கொண்டு, ஊதா விளக்கைப் போட்டாள்.

இருட்டில் படம் பச்சையாக ஒளிர்ந்தது. பழைய வார்னிஷ் அப்படித்தான் ஒளிரும், குளத்துப் பாசி மாதிரி. ஆறு, கரை, கவிழ்த்துப் போட்ட படகு, எல்லாமே அந்தப் பச்சைக்கு அடியில் அமைதியாக இருந்தன. வலது மூலையில் கையெழுத்து மட்டும் கருப்பாக நின்றது. படத்தில் பதிந்ததாக இல்லை. பழைய வார்னிஷுக்கும் மேலே, பிற்பாடு எழுதியது போல மிதந்தது.

அவள் விளக்கை அணைத்தாள். மறுபடி போட்டாள். அப்படியேதான் இருந்தது.

அவசரப்படக் கூடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மங்கிப்போன கையெழுத்துக்கு மேலே பிற்காலத்தில் யாராவது மை தீட்டியிருக்கலாம். துடைத்துப் பார்த்துவிட்டால் தெரியும். மூங்கில் குச்சியில் பஞ்சைச் சுற்றி, வார்னிஷை மட்டும் கரைக்கும் மெல்லிய திரவத்தில் தோய்த்தாள். அறுபது வருடம் காய்ந்து இறுகிய எண்ணெய் வண்ணத்தை அது ஒன்றும் செய்யாது. கடைசி எழுத்தின் வால் நுனியில், எறும்புத் தலை அளவுக்கு ஒரு இடம். மூன்றே உருட்டு.

பஞ்சு கருத்தது.

லென்ஸை வைத்துக் குனிந்தாள். வால் போன இடத்தில் மெல்லிய, நிறமற்ற ஒரு பூச்சு. அதற்கும் கீழே ஆற்றுச் சேற்றின் பழுப்பு நிறம், ஒரு கீறல் இல்லாமல்.

அவள் லென்ஸைக் கீழே வைத்தது அந்தப் பூச்சைப் பார்த்துத்தான்.

கள்ளக் கையெழுத்துப் போடுகிறவன் எவனும் அடியில் பூச்சுப் போட மாட்டான். நேராக வண்ணத்தின் மேல் எழுதினால்தான் பிடிக்கும், நிற்கும். முதலில் ஒரு கை வார்னிஷ் ஓட்டி, காயவிட்டு, அதற்கு மேலே தொடுகிறவர்கள் பழுது பார்க்கிறவர்கள் மட்டும்தான். நாம் சேர்த்தது எதுவாக இருந்தாலும், என்றைக்காவது ஒருநாள் துடைத்தால் போய்விட வேண்டும். வரைந்தவன் வண்ணத்தை நம் வண்ணம் தீண்டக் கூடாது. அதுதான் இந்தத் தொழிலின் முதல் ஒழுங்கு. அவளுக்குத் தெரிந்து இந்த ஊரில் அப்படி வேலை செய்கிறவர்கள் இரண்டே பேர்.

ஒருத்தி அவள்.

கதவைத் தட்டாமல் கணவர் உள்ளே வந்தார். காலையிலேயே புதுச் சட்டை. மூன்று மணிக்கு வருகிறவர் பட்டறையையும் பார்க்க ஆசைப்படுவார், மேஜையைக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணி வை என்றார். அறிக்கை முடிந்ததா என்றார். தம்பி வரட்டும் என்றாள். அவன் வந்து என்ன செய்யப் போகிறான், ஒரு வரிதானே என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை இருபது வருடமாகப் பார்க்கிறாள். இன்றைக்குத்தான் அது கண்வரை ஏறாமல் நிற்பது தெரிந்தது.

பதினொன்றரைக்குத் தம்பி வந்தான். கையில் ஸ்கேன் படம்.

“மூக்கு உன்னை மாதிரியாம்க்கா” என்றான். “பாவம் அது.”

அவள் சிரிக்கவில்லை. மேஜை மேல் வெள்ளைச் சாசரில் அந்தப் பஞ்சு கிடந்தது. அவன் அதைப் பார்த்தான். படத்தின் மூலையைப் பார்த்தான். ஸ்கேன் படத்தை மெதுவாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

“எத்தனை?” என்றாள்.

“எட்டும்.”

உட்காரச் சொல்லவில்லை. அவனே உட்கார்ந்தான். சாசரிலிருந்த பஞ்சை எடுத்துக் கழிவு டப்பாவின் திரவத்துக்குள் போட்டு மூடினான். ஏதோ அதோடு தீர்ந்துவிடும் என்பது மாதிரி.

பிறகு சொன்னான். சொல்லச் சொல்ல அவளுக்கு எல்லாம் பொருந்தி வந்தது. ஆற்றுக்காரர் வரைந்த காலத்தில் அதே கரையில், ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்த ஒரு பள்ளிக்கூட டிராயிங் வாத்தியார் இருந்திருக்கிறார். அதே கடையில் கேன்வாஸ், அதே டப்பா வண்ணம். ஒன்றைக்கூட விற்றதில்லை. எதிலும் கையெழுத்தும் போட்டதில்லை. அவர் போன பிறகு வீட்டை இடித்தவர்கள் படங்களை மூட்டையாகக் கட்டிப் பழைய சாமான் விலைக்குத் தள்ளிவிட, அது கணவர் கைக்கு வந்தது. அதனால்தான் அவள் பார்த்த நெசவும் ஆணியும் விரிசலும் சரியாகவே இருந்தன. அவள் பார்க்காத ஒன்றே ஒன்றுதான் பொய்.

“எந்தப் படமும் போலி இல்லைக்கா. வரைஞ்ச ஆள்தான் வேற.”

“கேக்க நல்லா இருக்கு. போலீஸ் ஸ்டேஷன்ல இதையே சொல்லு.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அத்தான் வாசல் பலகையில் அவன் பெயரையும் சேர்ப்பதாகச் சொன்னாராம். குழந்தை வருவதற்குள் தனி வீடு பார்த்துத் தருவதாகச் சொன்னாராம். முதல் படத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தானாம். இரண்டாவதுக்கு மாட்டேன் என்றபோது, முதல் படத்தை ஞாபகப்படுத்தினாராம்.

அவளுக்கு ஒன்றுதான் புரியவில்லை.

“வார்னிஷ் எதுக்குடா போட்ட? அது இல்லைன்னா இது உன் கைன்னு நான் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்.”

மாடியில் டி.வி.யில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.

“அந்த மனுஷன் வண்ணத்து மேல நேரா எழுதக் கை வரலை” என்றான். “நீ அப்படித்தானே பழக்கின. அதுவும் இல்லாம… என்னைக்காவது ஒருநாள் துடைச்சு எடுத்துடலாம்னு இருந்தேன்.”

“திருடப் போன வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டி வெச்சுட்டுப் போயிருக்க.”

அடிக்க வேண்டும் என்றுதான் கை துறுதுறுத்தது. அடிக்கவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது.

முன்கூடத்தில் கணவர் ஏணி மேல் நின்று ஒரு விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவள் ஏணிக்குக் கீழே நின்றபடியே சொன்னாள். பிஸ்கட்காரரைக் கூப்பிட்டு இன்றைக்கு வர வேண்டாம் என்று சொல்லும்படி. ஏன் என்று அவர் கேட்கவில்லை. விளக்கைச் சரிபார்த்துவிட்டு நிதானமாக இறங்கினார். கையைத் துடைத்துக்கொண்டார்.

மறுப்பார், கத்துவார், தம்பி மேல் பழியைப் போடுவார் என்று எதிர்பார்த்திருந்தாள். அவரோ கணக்கு வாத்தியார் மாதிரி பொறுமையாக விளக்கினார். அந்தப் படங்கள் மூட்டையில் கிடந்தால் கரையான் தின்றிருக்கும். இப்போது நல்ல சுவர்களில் தொங்குகின்றன. வாங்கினவர்களுக்குச் சந்தோஷம், பார்க்கிறவர்களுக்குச் சந்தோஷம். செத்துப்போன வாத்தியாருக்கு இதில் என்ன நஷ்டம்?

“நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றாள்.

“ஏழு தடவை போட்டாச்சு.”

“அப்ப எனக்குத் தெரியாது.”

“அதை யார் நம்புவா?” அவர் குரல் உயரவில்லை. “கையெழுத்தை எழுதினது உன் தம்பி. அது நிஜம்னு எழுதிக் குடுத்தது நீ. நான் படம் விக்கிறவன். டாக்டரம்மா சொன்னதை நம்பினேன். எட்டு படத்துலயும் என் கை எங்க இருக்கு, காட்டு பார்ப்போம்.”

அந்த நேரம் பார்த்து மாமியார் மாடிப்படி மேலிருந்து குரல் கொடுத்தார். வருகிறவருக்குச் சர்க்கரை வியாதி உண்டா, டீயில் சர்க்கரை போடலாமா என்று கேட்டார்.

“போடுங்கம்மா” என்றார் கணவர். “பிஸ்கட் விக்கிறவருக்குச் சர்க்கரை ஒத்துக்காமலா இருக்கும்.”

மதியம் அவள் சாப்பிடவில்லை. பட்டறையில் படத்துக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அறிக்கையில் கையெழுத்துப் போட்டால் தம்பி என்றென்றைக்கும் கணவர் கைக்குள். ஒன்பதாவது வரும், பத்தாவது வரும். உண்மையைச் சொன்னால், குழந்தை பிறக்கும்போது அவன் உள்ளே இருப்பான். இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்தாள். படத்துப் படகையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல படகு. பெயர் இல்லாத ஒரு மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செலவழித்து வரைந்த படகு.

இரண்டே கால் மணிக்கு மூன்றாவதாக ஒரு வழி தட்டுப்பட்டது. அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் இது யாரையும் ஏமாற்றாத ஒரு ஆற்றுப் படம், அவ்வளவுதான். துடைத்துவிடலாம். ஆனால் இப்போதே துடைத்தால் பயனில்லை. கணவர் தம்பியை உட்காரவைத்துத் திரும்பவும் எழுதவைத்து விடுவார். வாங்குகிறவர் கண் முன்னால் துடைக்க வேண்டும். பார்த்த பிறகு அவர் வாங்க மாட்டார். இந்த வியாபாரம் இன்றோடு நிற்கும். விற்றுப்போன ஏழு படங்களையும் பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம்.

தம்பியிடம்கூடச் சொல்லவில்லை. நான்கு குச்சிகளில் புதிதாகப் பஞ்சு சுற்றி வைத்தாள்.

பிஸ்கட்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். எழுபது வயது, நரைத்த புருவம், மெதுவான பேச்சு. பெரிய டின் பிஸ்கட் ஒன்றை மாமியாருக்கென்று கொடுத்தனுப்பினார். டிரைவரைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, கணவர் பின்னால் பட்டறைக்குள் வந்தார். தம்பி ஓரமாக ஒதுங்கி நின்றான். படத்தின் முன்னால் ரொம்ப நேரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார் பெரியவர். டீ ஆறிப்போனது.

அறிக்கையையும் பேனாவையும் கணவர் அவள் முன்னால் நீட்டினார்.

“ஒரு சோதனை பாக்கி இருக்கு சார்” என்றாள் அவள். “உங்க முன்னாலயே பண்ணிடறேன்.”

கணவர் புன்னகையோடு ஒதுங்கி வழிவிட்டார். வாங்குகிறவர் முன்னால் இப்படி ஏதாவது செய்து காட்டுவது அவருக்குப் பிடிக்கும். தம்பிக்கு மட்டும் புரிந்துவிட்டது. அவன் ஓரடி முன்னால் வந்தான். பிறகு நின்றுவிட்டான்.

முதல் பஞ்சு தொட்டதும் மிச்சமிருந்த வாலும் போனது. இரண்டாவதில் நடு எழுத்துகள். மூன்றாவது பஞ்சை எடுத்தபோதுதான் கணவருக்கு உறைத்தது. பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவள் பஞ்சை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். நான்காவது பஞ்சோடு மூலை சுத்தமாக இருந்தது. பழுப்பு நிறச் சேறு. கரையோரத்துப் புல். வேறு ஒன்றும் இல்லை.

பிஸ்கட்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். மூலையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“அப்ப இது யார் வரைஞ்சது?”

“ஒரு டிராயிங் வாத்தியார். கூடவே உட்கார்ந்து வரைஞ்சவர்.”

“நல்லா வரைஞ்சிருக்கார்” என்றார். உண்மையாகவே சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து, பெட்டியில் போட்டு மூடினார். கணவர் வாயைத் திறந்தார். பெரியவர் ஒற்றை விரலால் அவரை நிறுத்திவிட்டு, அறையின் ஓரத்தைப் பார்த்தார்.

“தம்பி, திரும்ப எழுதினா காய எவ்வளவு நேரம் ஆகும்?”

அவளுக்குக் காதில் விழுந்தது மூளைக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரமாயிற்று. அதற்குள் பெரியவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பேத்திக்குச் சொல்கிற தொனியில் அவளிடம் சொன்னார். அந்த ஏழில் நான்கு அவர் வாங்கியவை. நான்கில் மூன்றைத் திரும்ப விற்றுவிட்டார். பெரிய இடங்களுக்கு, நல்ல விலைக்கு. வாங்கினவர்களிடம் காட்டியது அவளுடைய அறிக்கையைத்தான்.

“இன்னைக்கு இந்த ஒண்ணை நான் வாங்காம போனேன்னு வெச்சுக்குங்க. ஏன் வாங்கலைன்னு கேப்பாங்க. அப்புறம் அந்த மூணையும் கழட்டிப் பாப்பாங்க. நான் அசிங்கப்படணும்னு உங்களுக்கு என்னம்மா ஆசை?”

“உங்களை ஏமாத்தியிருக்காங்க சார்.”

“ஆமா. ஏமாந்ததைச் சொல்லிக்க எனக்கு வயசாயிடுச்சு.”

கணவர் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை அவள் பார்த்தாள். அரை நிமிடம் முன்னால் வெளுத்துப்போயிருந்த மனிதர், இப்போது சட்டைக் கையை இறக்கிவிட்டுப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

அவள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். நீ சொல்லுடா என்றது அவள் பார்வை. முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. அதற்குத்தானே துடைத்தேன்.

தம்பி தரையைப் பார்த்தபடி பதில் சொன்னான்.

“ஒரு மணி நேரம் ஆகும் சார்.”

பெரியவர் தலையசைத்தார். அப்போதுதான் அவர் பார்வை அவள் கைக்கு வந்தது. நான்கு குச்சிகளும் அவள் இடது கையில் இருந்தன. நான்கு முனையும் கருப்பு.

“அந்தப் பஞ்சை இப்படிக் குடுங்கம்மா.”

கேட்ட விதத்திலேயே அவளுக்குப் புரிந்தது. படத்தில் இனி எந்தச் சாட்சியும் இல்லை. இதில் அந்தப் பெயர் மேலே போடப்பட்டது, கழன்று வந்தது என்று காட்டுவதற்கு உலகத்தில் இந்த நான்கு பஞ்சுதான் மிச்சம். அவள் கையை மூடிக்கொண்டாள். குச்சிகள் உள்ளங்கையில் மடங்கி முறிந்தன. விரலிடுக்கில் கருப்பு கசிந்தது.

“குடுத்துடு” என்றார் கணவர். அவர் நடந்து போய்ப் பட்டறைக் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டார்.

“அக்கா” என்றான் தம்பி.

அவன் சுவரை விட்டு நகர்ந்து நடந்து வந்தான். அவள் நின்றிருந்ததும், தூரிகைப் பெட்டி இருந்ததும் ஒரே பக்கம்தான். தன்னிடம் வருகிறானா, தூரிகையை எடுக்க வருகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. மூடிய கையை மார்போடு சேர்த்துக்கொண்டு, அவள் பின்னால் நகராமல் நின்றாள்.